மூங்கில் குருத்தும் குப்பைக்குப் போன இஞ்சியும்

முதலாளி நறுக்கித் தந்த இஞ்சியை அப்படியே குப்பைவாளிக்குள் கொட்டியவள் நான். வேலை போகப் பார்த்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஜெர்மனியில், நொய்கெல்ன் பகுதிச் சீன உணவகம் ஒன்றில் எனக்கு அது சோதனை வாரம். முதலாளி கையெழுத்து வைத்தால்தான் வேலை அனுமதிக்கு ஆன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், போடலாம். இல்லாவிட்டால் திரும்பவும் ஹைம் என்ற அகதிகள் விடுதியில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

மூங்கில் குருத்து அங்கே டின்னில்தான் வரும். அன்றைக்கு முதலாளியின் மாமியார் வருகிறார் என்று பச்சைக் குருத்து வந்திருந்தது. வாழைப்பொத்தி மாதிரி உரிக்க உரிக்க மடல். உள்ளே என்னதான் இருக்கிறது என்று ஒரு துண்டைக் கடித்தேன். சீ, மரவள்ளிக் கசப்பு!

"பச்சையாத் தின்னாத, நஞ்சு! நல்லா அவி" என்றார் முதலாளி, உடைந்த டொச் மொழியில். என்னுடையதும் உடைந்த டொச்தான்.

நஞ்சென்றால் மூடாமல் அவிக்க வேண்டும். மரவள்ளி அவித்த யாழ்ப்பாணத்தாருக்கு இது தெரியாதா? மூடியைத் தூக்கி வைத்தேன். அவர் தலையாட்டினார். எனக்குத் தலைகால் தெரியாத புளுகம்.

பிறகுதான் இஞ்சியைத் தந்தார். மரவள்ளி தின்ற நாளில் நாங்கள் இஞ்சித் தேத்தண்ணி கூடக் குடிக்க மாட்டோம். சேர்ந்தால் ஆளைக் கொல்லும் என்பார்கள். முதலாளி அங்கால் போனதும் குப்பைக்குள் கொட்டினேன்.

கோப்பை கழுவிக்கொண்டிருந்த யோகன் அண்ணை கண்டுவிட்டார். எனக்கு வேலை எடுத்துத் தந்தவரே அவர்தான். "உனக்கென்ன விசரே? அவங்கள் காலங்காலமா இதைத்தானே சாப்பிடுறாங்கள்!"

"மரவள்ளி மாதிரிக் கசக்குது அண்ணை. என்னால ஏலாது."

இஞ்சியில்லாமல் நான் ஆக்கிய கறியை ருசி பார்த்த முதலாளியின் முகம் கறுத்தது. "இஞ்சி எங்க?"

வாளியைக் காட்டிக் காரணத்தைச் சொன்னேன்.

"என்ர மாமியாருக்கு நானே நஞ்சு வைப்பனெண்டு நினைச்சியா?" என்று கத்தினார். புது இஞ்சி போட்டு வதக்கினார். முதலில் தான் தின்றார். பிறகு கோப்பையை என் பக்கம் தள்ளினார்.

முருகா என்று வாயில் வைத்தேன். கசப்பே இல்லை. அப்படியொரு ருசி! ஆனாலும் கொஞ்ச நேரம் என் நாடியை நானே பிடித்துப் பார்த்தேன்.

பின்னேரம் கையெழுத்து வைக்கும்போது சொன்னார்: "பானையைத் திறந்து வைக்கத் தெரிஞ்சவள், வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே?"

அன்றிலிருந்து தெரியாததைக் கேட்க நான் வெட்கப்பட்டதில்லை. ஆனால் மரவள்ளிக்குக் கிட்ட இஞ்சியை இன்றைக்கும் விடமாட்டேன்.