காதுக்குப் பின்னால் வந்த கட்டி

தொண்டையில் இருந்த தைராய்டு கட்டியைத் திருச்சியில் அறுத்து எடுத்தார்கள். புற்றுநோய் என்றார்கள். திரும்ப வந்தால் கழுத்தின் பக்கவாட்டில் நெறி கட்டும், பார்த்துக்கொள் என்று சொல்லி அனுப்பினார்கள். சில வருடம் கழித்து வந்தது. பக்கவாட்டில் இல்லை. வலது காதுக்குப் பின்னால், மயிருக்குள், புளியங்கொட்டை அளவில்.

எங்கள் திருமானூர்ப் பக்கம் நெறி கட்டினால் முதலில் புண்ணைத் தேடுவார்கள். காலில் முள் குத்தினால் தொடை இடுக்கில் கட்டும். தலையில் புண் என்றால் காதடியில் கட்டும். அது பொய்யில்லை. என் நாத்தனார் என்னை வெயிலில் உட்கார வைத்து, தலை முழுக்க வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தாள்.

"புண்ணே காணோம் அண்ணி. கரும்புக் கட்டு தூக்குறீங்கல்ல, சோகை எல கிழிச்சு ஆறியிருக்கும்."

"பேனு கடிச்சிருக்கும்," என்றார் என் வீட்டுக்காரர். "மொட்ட போட்டாத் தெரிஞ்சிடும். திருமழபாடி கோயில்ல போட்டா சாமிக்கும் ஆச்சு."

"சாமிக்கு வேணும்னா உங்க நாலு மசுரக் குடுங்க. என் தலையில புண்ணு இல்ல."

நாத்தனார் சிரித்தாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. புண் இல்லாமல் நெறி ஏன் கட்டுகிறது என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. அவர்களுக்குப் பயம்தான். எல்லோரும் பயந்தால் என்னை யார் பார்ப்பது?

ஆஸ்பத்திரிக்குப் போக, கரும்பு வெட்டு முடியட்டும் என்றார் வீட்டுக்காரர். நான் விடிந்ததும் திருச்சி பஸ்ஸுக்குக் கிளம்பினேன். திட்டிக்கொண்டே அவரும் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டாக்டர் கழுத்தின் இரண்டு பக்கமும் தடவிவிட்டு, "ஒண்ணுமில்லம்மா" என்றார். காதுக்குப் பின்னால் என்றேன்.

"அது அங்கல்லாம் வராதும்மா. தலையில புண்ணு கிண்ணு இருக்கும்."

"அப்ப அந்தப் புண்ணக் காட்டுங்க சார், போயிடுறேன்."

பின்னால் நின்றவர்கள் கத்தினார்கள். நான் நகரவில்லை. சத்தம் கேட்டு, எனக்கு அறுவை செய்த பெரிய டாக்டரே வந்தார். தொட்டுப் பார்த்தார். அபூர்வமாக இந்த நோய் அங்கேயும் போகும், எடுத்துச் சோதிக்கலாம் என்றார்.

சோதனை முடிவு வந்தது, அதே நோய்தான். காதடியிலிருந்து தோள் வரை திறக்க வேண்டும், கையைத் தூக்க முடியாமல் போகலாம் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார்.

"ஊருக்குப் போயி கலந்துக்கிட்டு வரோம் சார்," என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்க போங்க, வெட்டு கெடக்குது. நான் இங்கதான் படுக்கப் போறேன்."

அவர் எழுந்து வெளியே போனார். ஊருக்குத்தான் போய்விட்டார் என்று நினைத்தேன். ஒரு பாயும் சொம்பும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.