குளியாப்பிட்டிக் கொடியும் தையல்சிட்டும்

குளியாப்பிட்டிப் பக்கம் வெற்றிலைத் தோட்டம் வைத்திருக்கும் ஹீன்மெனிக்கே ஒரு கோபக்காரி. கோபத்துக்குக் காரணம் அவள் கணவனின் அண்ணன் முதியான்சே. கணவன் செத்த ஏழாம் நாள் பிக்குமாருக்குச் சோறு கொடுக்கும் தானத்திலேயே, சோறு காயாத கையோடு சொன்னான்: "பொம்பள வெத்தலக்கொடி மாதிரி தங்கச்சி. கொம்பு சாஞ்சா கொடி தரையிலதான். தோட்டத்த என்கிட்ட விட்டுரு."

அன்று பற்றிய எரிச்சல் பதினொரு வருஷமாக அணையவில்லை. தானே கம்பு நட்டாள், தானே கொடி கட்டினாள், கறுத்துத் தடித்த இலையை ஆள் வைத்துப் பறித்து வியாபாரிக்குக் கொடுத்தாள். இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் தையல்சிட்டு ஒன்று கொடிக்குள் குடியிருந்தது. ஊசித்துளை விழுந்த இலையை வியாபாரி ஒதுக்கிவிடுவான். ஆனாலும் அவள் அதை விரட்டவில்லை.

"கட்டை விரல் பெருசுதான் இருக்கு. யார் கொம்பையும் கேக்காம வீடு தைக்குது. உவமைக்கு இதச் சொல்ல வாய் வராதே அந்த மனுசனுக்கு!" என்பாள்.

போன மாதம் மழைத்தண்ணீர் வடியாமல் ஒரு வரிசைக் கொடி அழுகியது. அவள் மகள் சந்தமாலி தீட்டு நாளில் தோட்டத்துக்குள்ளே போனதுதான் காரணம் என்று முதியான்சே ஊரைக் கூட்டிவிட்டான். வந்த வேகத்தில் தையல்சிட்டின் கூட்டையும் பிய்த்தெறிந்தான், குஞ்சுகளோடு. பாவி! சந்தமாலி வெற்றிலைக் கட்டை நீட்டிப் பெரியப்பனை விழுந்து கும்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் யாரும் இலை பறிக்க வரமாட்டோம் என்றார்கள் பறிகாரர்கள். பறிக்காத இலை கொடியிலேயே முற்றிப் பாழாகும்.

ஞாயிற்றுக்கிழமை முற்றம் நிறைந்திருந்தது. முதியான்சே நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். வெற்றிலைக் கட்டோடு முன்னே வந்த மகளிடமிருந்து ஹீன்மெனிக்கே அதைப் பிடுங்கினாள். அதை மகளிடமே நீட்டி, அவள் முன்னால் தானே முழங்காலிட்டாள்.

"ஏய், தாய் மகளக் கும்புடுறதா? பைத்தியமா ஒனக்கு?"

"வாய மூடுங்க அண்ணே! பதினோரு வருஷம், விலக்கு நாளும் சேத்துத்தான் நான் உள்ள போனேன். ஒரு எல கருகல. அது தெரிஞ்சும், ஊர் வாய்க்குப் பயந்து இவள மாசாமாசம் வேலிக்கு வெளிய நிப்பாட்டினேன். ஒரு நாள் மீறிப் போனது இவ குத்தமா? மன்னிச்சுக்க மகளே."

சந்தமாலி வெற்றிலையை வாங்கிக்கொண்டாள்.

"நான் போகவே இல்லம்மா. நீங்க சொன்ன எடத்துலதான் அன்னைக்கும் நின்னேன். நீங்ககூட என்கிட்ட கேக்கலையே."