தவளைக் கண் வண்டிக்காரி

மோதெனா நகரத்திலிருந்து தெற்கே மலையேறும் பேருந்தை ஓட்டுபவள் நிவெஸ். வாரம் முழுக்க அந்தப் பெரிய வண்டியைக் கொண்டையூசி வளைவுகளில் திருப்பித் திருப்பித் தோள் வலிக்கும். ஞாயிறு காலையில் ஓய்வெடுப்பாள் என்றுதானே நினைப்போம்? அதே சாலையில் தன் மஞ்சள் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். இரண்டே இருக்கை, இடுப்புயரக் கூரை, முதுகுக்குப் பின்னால் எஞ்சின். இதில் ஏற வேண்டுமென்றால் முதலில் எலும்பையெல்லாம் கழற்றி வைக்க வேண்டும் என்று அவளுடைய அக்கா புலம்புவாள்.

கணவாய் உச்சியில் இயோலேயின் காபிக்கடை. இந்த மாதிரிக் குட்டிக் கார் வைத்திருக்கும் பைத்தியங்கள் ஏழெட்டுப் பேர் அங்கேதான் கூடுவார்கள். அவர்களில் ஒருவன் எர்மெஸ். ஓடு தயாரிக்கும் தொழிற்சாலையில் தரை ஓடுகளுக்குப் பூவும் கோடும் வரைபவன், மனைவியை இழந்தவன். அவனுடைய வெள்ளி நிறக் கார் கத்தியால் சீவியதுபோல இருக்கும். வந்து உட்கார்ந்ததுமே நிவெஸ்ஸைச் சீண்டுவான்.

"உன் வண்டி மூஞ்சியைப் பாத்தா காபி இறங்க மாட்டேங்குது, நிவெஸ். தவளைய யாரோ மிதிச்ச மாதிரி கண்ணு ரெண்டும் பிதுங்கி நிக்குது."

"நான் உள்ள உக்காந்து ஓட்டறேன். மூஞ்சி உன் பக்கம்தான் இருக்கு, நீயே பாத்துக்க."

"என் வண்டியப் பாரு. மூக்குல ஆரம்பிக்கிற கோடு வால் வரைக்கும் நிக்காம போகுது."

"கோடு போகுதுப்பா. வண்டி போகுதா? வளைவுல முன்பக்கம் மிதக்குதுன்னு போன வாரம் முனகினது யாரு?"

"மிதக்கல. அது யோசிச்சுத் திரும்புது."

கடையே சிரிக்கும். "ரெண்டு பேரும் வாயை மூடிட்டுச் சாப்பிடுங்க, பொரிச்ச ரொட்டியெல்லாம் ஆறிப்போகுது" என்று இயோலே தட்டை நகர்த்தி வைப்பாள்.

இலையுதிர் காலத்தில் எர்மெஸ் வராமல் போனான். ஈரச் சருகில் வண்டி சுழன்று மண்மேட்டில் மோதிவிட்டது, ஆளுக்கு ஒன்றுமில்லை, ஆனால் காரை விற்கப் போகிறானாம் என்றார்கள். அன்று நிவெஸ்ஸின் காரை யாரும் கேலி செய்யவில்லை. அவளுக்குக் காபியே கசந்தது. பொரித்த ரொட்டியை ஒரு பொட்டலமாகக் கட்டி வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள்.

கார்க் கொட்டகையில், மூக்கு உடைந்த காருக்கு எதிரே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான்.

"பயம், நிவெஸ்," என்றான், அவள் கேட்காமலே. "வாங்கின நாள்லேருந்தே பயம். வளைவு வந்தாலே ஸ்டியரிங்கப் பிடிச்சுத் தொங்குவேன். அன்னிக்கும் அப்படித்தான், வளைவு நடுவுல பயந்து ஆக்சிலரேட்டர்லேருந்து காலை எடுத்துட்டேன், வால் சுத்திடுச்சு. எனக்கு வண்டியோட அழகைப் பத்தி மட்டும்தான் பேச வரும்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"வளைவுல வேகமாத் திரும்பறவங்களுக்கு டயரோட வெளி ஓரம்தான் முதல்ல தேயும். உன்னுது தேயவே இல்ல. ரொம்ப நாளாப் பாக்குறேன்."

எர்மெஸ் முகம் சிவந்தது. "அத்தனை பேர் முன்னாடி உன்னை எவ்ளோ கிண்டல் பண்ணியிருக்கேன்! ஒரு தடவை சொல்லியிருந்தா என் வாயை அடைச்சிருக்கலாமே?"

"சொன்னா அப்புறம் நீ வராம போயிடுவியே."

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவளுக்கே உறைத்தது. அவ்வளவு பெரிய பேருந்தைத் திருப்புகிறவளுக்குத் தன் முகத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. பொட்டலத்தை அவன் மடியில் வைத்துவிட்டு வேகமாக வெளியே வந்துவிட்டாள்.

மறுவாரம் வேலை முடிந்து திரும்பும் கூட்டத்தோடு எர்மெஸ்ஸும் பேருந்தில் ஏறினான். அவளுக்குப் பின்னால் முதல் இருக்கை. உச்சிவரை போய், அதே பேருந்தில் கீழே திரும்பி வந்தான். பனிக்காலம் முழுக்க இப்படியே வந்துகொண்டிருந்தான். பயணிகள் விடுவார்களா? "என்ன எர்மெஸ், மேல யாரப் பாக்கப் போறே?" என்று ஒருத்தி கேட்டால், "மேல யாருமில்லம்மா" என்பான். பேருந்தே சிரிக்கும். நிவெஸ் கண்ணாடியைச் சரிசெய்வதுபோல முகத்தை மறைத்துக்கொள்வாள்.

"வளைவுக்கு முன்னாடியே பிரேக்கை முடிச்சுடறே," என்றான் ஒருநாள். "உள்ள போனப்புறம் ஒண்ணுமே பண்றதில்ல."

"பின்னால ஒருத்தர் மடியில முட்டை வச்சிருக்காங்க. வேற என்ன பண்ணச் சொல்றே?"

வசந்தத்தில் பழுது பார்த்த காரை அவனே ஓட்டினான், அவள் பக்கத்தில். பெரிய வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டான். வளைவுக்குள் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. மூக்கு மிதக்காமல் சாலையைக் கவ்விக்கொண்டு திரும்பியது. எர்மெஸ் வாய்விட்டுச் சிரித்தான், கண் கலங்கியிருந்தது. நிவெஸ் அவன் முழங்கால் மேல் கை வைத்தாள்.

அடுத்த ஆண்டு நகராட்சி மண்டபத்தில் கல்யாணம். அக்காவும் இயோலேயும் குட்டிக் காரில் ஏற முடியாதென்று, நிவெஸ்ஸோடு வேலை செய்பவர்கள் ஒரு பேருந்தையே கொண்டுவந்துவிட்டார்கள். விருந்து முடிந்து மஞ்சள் காரில் மலையேறினார்கள். ஓட்டியது அவள்தான். எஞ்சின் அத்தனை இரைச்சல் போட்டும், ஐந்தாறு வளைவு தாண்டுவதற்குள் எர்மெஸ் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டான். வீட்டுக்குத் திரும்பும் பாதை வந்தது. அவனை எழுப்ப மனமில்லாமல் அவள் மலைமேல் இருக்கும் ஏரியைச் சுற்றிப் போகும் நீண்ட சாலையில் வண்டியைத் திருப்பினாள்.