வாசல்வரை வந்த அன்ரி

பிலிப்பைன்ஸ் சரித்திரத்தைப் படங்களில பாத்து எழுதவேணுமெண்டு வாத்தியார் சொன்னபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. நகர் ஓரத்தில நாங்கள் இருக்கிற ரூஜில இருந்து டவுன்ரவுனுக்கு பஸ்ஸும் ரெயினுமா ஒண்டரை மணித்தியாலம், அதுவும் சனிக்கிழமையில. மூண்டு படம், ஒவ்வொண்டுக்கும் ஒரு பக்கம். ஃபோனில படம் எடுத்துக்கொண்டு அஞ்சு நிமிசத்தில திரும்பிவிடலாமெண்டுதான் மியூசியத்துக்குப் போனனான்.

முதல் படத்தில ஸ்பெயின்காரர் கப்பலால இறங்குகினம். ஒருத்தன் கையில சிலுவை, பக்கத்தில நிக்கிறவன் கையில வாள். எங்கடை ஊருக்குப் போர்த்துக்கீசர் வந்ததும் இப்பிடித்தானே எண்டு நினைச்சன், ஒரு பக்கம் எழுத அது போதும். ரெண்டாவது, சண்டையில எரிஞ்ச பட்டினம். அதுக்கு முன்னால நான் கனநேரம் நிக்கேல்லை. எரிஞ்ச வீட்டைப் பற்றி அறிய மியூசியத்துக்கு வரவேண்டியதில்லை, அம்மாட்டைக் கேட்டால் சொல்லுவா.

மூண்டாவது ஒரு செத்தவீடு. நடுவில பெட்டி, தலைமாட்டில மெழுகுதிரி, மேசை நிறையச் சாப்பாடு, மூலையில காட்ஸ் விளையாடுற ஆம்பிளையள். வந்த சனம் வாசலால வெளிக்கிடுது. கறுப்புச் சட்டை போட்ட ஒரு பொம்பிளை, செத்தவவின்ரை மகளாக்கும், கதிரையில இருக்கிறா. போறாக்களைத் திரும்பியும் பாக்கேல்லை.

"ஏன் இவ ஒருத்தரையும் அனுப்பிவைக்கேல்லை?" எண்டு அங்க நிண்ட வழிகாட்டிப் பிள்ளையைக் கேட்டன். அவளும் பிலிப்பைன்ஸ்தான், என்ரை வயசிருக்கும்.

அவள் சிரிச்சுக்கொண்டு இங்கிலீசில சொன்னாள்: "செத்தவீட்டுக்காரர் வந்தாக்களை வாசல்வரை கொண்டுபோய் விடக்கூடாது. விட்டால் போறவையின்ரை வீட்டிலயும் ஒரு சாவு விழுமெண்டு எங்கடை ஆக்கள் நம்புகினம். என்ரை அம்மா இப்பவும் கதிரையை விட்டு எழும்பமாட்டா."

பக்கத்தில கிடந்த வாங்கில இருந்திட்டன்.

எனக்கு ஒன்பது வயசா இருக்கேக்க எங்கடை வீட்டுக்குக் கீழ, பேஸ்மென்ற்றில ஒரு பிலிப்பைன்ஸ் அன்ரி வாடகைக்கு இருந்தவ. முதியோர் இல்லத்தில வேலை. அம்மாவும் அப்பாவும் வேலையால வர ஏழு மணியாகும், அதுவரைக்கும் அவதான் என்னைப் பாக்கிறவ. வாழைப்பழத்தைச் சீனியில புரட்டிப் பொரிச்சுத் தருவா. காய்ச்சலெண்டால் நெத்தியில ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு பக்கத்திலயே இருப்பா. தன்ரை மகளை ஊரில விட்டிட்டு வந்த மனுசி அவ. அந்தப் பிள்ளைக்குச் செய்யேலாமல் போனதை எல்லாம் எனக்குச் செய்தவ எண்டு இப்ப விளங்குது.

அவவின்ரை தாய் ஊரில செத்துப்போனா. குடிவரவுப் பேப்பர் அலுவல் முடியாததால அன்ரியால போகேலாமல் போச்சு. கீழ மேசையில தாயின்ரை படத்தை வைச்சு, மெழுகுதிரி கொளுத்தி, ஒன்பது நாள் செபம் சொல்லினவ. நாங்கள் மூண்டுபேரும் ஒருநாள் இறங்கிப் போனம்.

எங்கடை முறைப்படி செத்தவீட்டில "போயிட்டு வாறம்" எண்டு சொல்லக்கூடாது. வாய் திறக்காமல் எழும்பி நடக்கவேணும். ஆனா அம்மா, "அதுகளுக்கு எங்கடை முறை என்ன தெரியும்? சொல்லாமல் போனால் பாவம், மனுசி குறை நினைக்கும்" எண்டு என்ரை காதுக்குள்ள சொல்லிப்போட்டு, அன்ரியின்ரை கையைப் பிடிச்சு, போயிட்டுத் திரும்பவும் வாறம் எண்டு தனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில சொன்னா.

அன்ரி கதிரையை விட்டு அசையேல்லை. எனக்கு அது பொறுக்கேல்லை. ஒவ்வொரு நாளும் படியடிவரை வந்து விடுறவ, அண்டைக்கு மட்டும் ஏன் குந்திக்கொண்டு இருக்கிறா? அம்மாவும் அப்பாவும் முன்னால படியேறிப் போக, நான் திரும்பி ஓடிப்போய்க் கையைப் பிடிச்சு இழுத்தன். தலையை ஆட்டினா. நான் விடேல்லை, அழத் தொடங்கீட்டன். கடைசியில எழும்பிக் கதவடிவரை வந்தா. அவவின்ரை கை குளிர்ந்து கிடந்தது.

அண்டையில இருந்து மூண்டாம் வாரம், அப்பா வேலையிடத்தில நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே எல்லாம் முடிஞ்சுது.

அப்பாவின்ரை செத்தவீட்டில அன்ரி எல்லாருக்கும் பின்னால, சுவரோட ஒட்டிக்கொண்டு நிண்டவ. எனக்குக் கிட்டவும் வரேல்லை. எட்டாம் நாள் செய்யிற எட்டுச் செலவுக்கு முதலே பேஸ்மென்ற்றைக் காலி பண்ணிக்கொண்டு போட்டா. கதவுத் திறப்பு மேசையில கிடந்தது. அஜக்ஸ் எண்ட பக்கத்து ஊருக்குப் போனதா ஆரோ சொல்லிச்சினம். "நான் தாலி அறுத்து நிக்கிறன், ஒரு வார்த்தை சொல்லாமல் போட்டாளே. நன்றி கெட்டவள்" எண்டு அம்மா திட்டினா. நானும் திட்டினன். எனக்கு அவவிலை இருந்த கோவத்துக்கு அளவில்லை. நாலு வருசத்துக்கு முதல் அவ புற்றுநோயால செத்துப்போனா எண்டு, அவவோட வேலைசெய்த தமிழ் அன்ரி ஒராள் வந்து சொன்னவ. "நீர் ஒருக்கா வந்து முகத்தைப் பாரும் பிள்ளை" எண்டும் கேட்டவ. நான் போகேல்லை. எனக்குச் சோதினை இருக்கெண்டு பொய் சொன்னன்.

மியூசிய வாங்கில இருந்தபடி அம்மாவுக்கு ஃபோன் எடுத்து, அந்தப் பிள்ளை சொன்னதைச் சொன்னன். "அம்மா, தான் வாசல்வரை வந்ததாலதான் அப்பா செத்தாரெண்டு அன்ரி நினைச்சிருக்கிறா. அதுதான் எங்கடை முகத்தில முழிக்கேலாமல் போனவ."

"அவளோ? அவள் என்னத்துக்கு?" எண்டா அம்மா. "பிழை விட்டது நானெல்லே. செத்தவீட்டில நிண்டுகொண்டு, தெரிஞ்சுகொண்டே 'வாறம்' எண்டு சொன்னது நான். அந்த வாய்தான் உன்ரை அப்பாவைக் கொண்டுபோனது எண்டு நான் சாமியிட்டை மன்னிப்புக் கேட்டுக் கும்பிடாத நாளில்லை."

"அப்பாவுக்கு நெஞ்சு வருத்தம் அம்மா. டொக்டர் சொன்னவர்தானே."

"ஓம், சொன்னவர்" எண்டுபோட்டு அம்மா அழத் தொடங்கினா. ஒரே வீட்டில மேலயும் கீழயும் இருந்த ரெண்டு பேர். ஆளுக்கொரு பழியைத் தங்கடை தலையில போட்டுக்கொண்டு, ஒருத்தருக்கு ஒருத்தர் வாய் திறக்கேல்லை.

அன்ரி எழும்ப மாட்டனெண்டு தலையாட்டினதை நான் அம்மாட்டைச் சொல்லேல்லை. இண்டைவரைக்கும் சொல்லேல்லை. என்ன நடக்குமெண்டு நம்பிப் பயந்துகொண்டே அந்த மனுசி எழும்பினவ. நான் அழுறதைப் பாத்துக்கொண்டு இருக்கேலாமல் எழும்பினவ.