தோணி கடலில் இருக்கும்போது

எங்கள் வீட்டில் மாதா படத்துக்கு முன்னால் ஒரு சின்னக் கண்ணாடி விளக்கு உண்டு. பெரியப்பாவின் தோணி தூத்துக்குடியை விட்டுக் கிளம்பிய அன்று மாலை பெரியம்மா அதை ஏற்றுவாள். தோணி திரும்பி வந்து நங்கூரம் போட்ட பிறகுதான் அணைப்பாள். அதுவரை வீட்டில் யாரும் நோய் என்றோ சாவு என்றோ வாயைத் திறக்கக் கூடாது. கரையில் சொல்லும் கெட்ட பேச்சு கடலில் இருக்கிறவர்களைப் போய்ச் சேரும் என்பது தோணிக்காரக் குடும்பங்களின் நம்பிக்கை. ஒருமுறை எனக்கு உடம்பெல்லாம் மணல்வாரி அம்மை போட்டிருந்தது. பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்து என்ன என்று கேட்டதற்கு, “கொசு கடிச்சிருக்கு” என்று பெரியம்மா கண்ணை இமைக்காமல் சொன்னாள். அந்தக் கொசுவைப் பார்க்க வேண்டும் என்று மாமி சிரித்துக்கொண்டே போனார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. பெரியம்மா என் அம்மாவின் அக்கா. பெரியப்பா தோணியின் தண்டல், அதாவது அதை நடத்திச் செல்லும் தலைவர். அப்பா அதே தோணியில் வேலை பார்த்தார். வெங்காயமும் மிளகாயும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவார்கள். இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் இருந்தோம். பெரியம்மாவுக்குப் பிள்ளை கிடையாது என்பதால் என்மேல் அவளுக்குத் தனி உரிமை. தலையில் எண்ணெய் வைக்கிறேன் என்று உட்கார வைத்து ஊர்க்கதை எல்லாம் பேசுவாள். யாரைப் பற்றிப் பேசினாலும் அவர்களைப் போலவே நடந்து காட்டுவாள். பங்குச் சாமியார் தும்முவதை அவள் செய்து காட்டி நான் பார்த்ததுண்டு. அதற்குப் பிறகு பூசையில் அவர் நிஜமாகத் தும்மியபோது என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதற்காகக் கோவிலில் வைத்தே என் தொடையைக் கிள்ளியதும் அவள்தான்.

ஒரு வருஷம் அவள் விளக்கை இடது கையால் ஏற்றத் தொடங்கினாள். வலது கையை மேலே தூக்கவே இல்லை. கேட்டால், “கைக்கும் ஓய்வு வேண்டாமாளா” என்பாள். எண்ணெய் வைக்கும்போது அவள் மார்பில் சாய்ந்துகொள்வது என் வழக்கம். அதையும் நாசூக்காக விலக்கிவிட்டாள். நான் பெரியவளாகிவிட்டேன், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பருவக்காற்று தொடங்கித் தோணிகள் எல்லாம் ஓட்டத்தை நிறுத்திக் கரையோரம் ஒதுங்கிய காலத்தில்தான் அம்மா அதைப் பார்த்தாள். பெரியம்மாவின் ரவிக்கை மார்புப் பக்கம் கசிவால் நனைந்திருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு அக்காவும் தங்கையும் வெகுநேரம் உள்ளே இருந்தார்கள். மறுநாள் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனபோது என்னையும் கையோடு இழுத்துக்கொண்டு போனார்கள்.

“இந்தக் கட்டி எப்ப இருந்து இருக்கு?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“இந்த வருசம் தோணி மொதல்ல கடல்ல எறங்குச்சுல்லா, அதுக்கு மறுவாரம் குளிக்கும்போது கையில தட்டுச்சு. புளியங்கொட்ட அளவுதான் இருந்துச்சு.”

“அப்பவே ஏம்மா வரல?”

“தோணி கடல்ல கெடந்துச்சே. அவுக திரும்பி வந்தா, வந்த மனுசன் நிம்மதியா ரெண்டு வாய் சாப்பிடட்டும்னு விட்டுட்டேன். அதுக்குள்ள மறுபடியும் கெளம்பிருவாக. வலிக்கவும் இல்ல டாக்டரம்மா. வலிச்சிருந்தா சொல்லியிருப்பேன்லா.”

வலிக்காததால்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள் என்று டாக்டரம்மா அலுப்போடு சொன்னார். சின்னதாக இருந்தபோதே வந்திருந்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருந்திருக்கும் என்றார். வெளியே நின்ற பெரியப்பாவுக்கு எல்லாம் கேட்டது. புயலில் பாய்மரம் முறிந்தபோதும் கலங்காத மனுஷர் என்று அப்பா அவரைப் பற்றிச் சொல்வார். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மதுரைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். ஆபரேஷனும் நடந்தது. ஆனால் புற்றுநோய் முந்திக்கொண்டுவிட்டது. மறு வருஷம் மாதா கோவில் கொடியேற்றத்துக்கு முன்பே பெரியம்மா போய்விட்டாள். கடைசி நாட்களிலும் டாக்டர் நடப்பதை நடித்துக் காட்டி எங்களைச் சிரிக்க வைத்தாள். எனக்கு இப்போதும் அவள்மேல் கோபம் உண்டு. அவ்வளவு பேசத் தெரிந்தவள் அந்த ஒன்றை மட்டும் பேசாமல் போனாளே என்ற கோபம்.

அடுத்து தோணி கிளம்பிய நாளில் பெரியப்பா செய்த காரியத்தை ஊர் ரொம்ப நாள் பேசியது. வழியனுப்ப வந்த பெண்கள் கரையில் கூடியிருந்தார்கள். ஜெபம் முடிந்ததும் அவர் அவர்கள் பக்கம் திரும்பினார்.

“ஏளா, எல்லாரும் கேளுங்க. மார்புல கட்டி கிட்டி கையில தட்டுப்பட்டா ஒளிச்சு வைக்காதீங்க. நாங்க கடல்ல இருந்தாலும் சரி, சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. நீங்க சொல்லுததுனால தோணி முங்காது.”

பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். தோணியில் ஏறும் நேரத்தில் பேசுகிற பேச்சா இது என்று ஒரு கிழவர் காறித் துப்பினார். பெண்டாட்டி போனதில் தண்டலுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சொன்னவர்களும் உண்டு. பெரியப்பா பாயை விரிக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இன்று என் மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். நான் மாதம் ஒருமுறை என் மார்பைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன். டாக்டர் சொன்ன காலத்தில் போய் மேமோகிராம் படம் எடுத்துக்கொண்டும் வருகிறேன். இதை வாசிக்கிற பெண்களையும் கெஞ்சிக் கேட்கிறேன். புதிதாக ஒரு கட்டியோ, தோல் சுருங்குவதோ, காம்பில் கசிவோ தெரிந்தால் வலிக்கட்டும் என்று காத்திராதீர்கள். பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும், அவர் ஊரிலிருந்து வரட்டும், கல்யாணம் நடந்து முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். பெரும்பாலான கட்டிகள் ஒன்றுமில்லாதவையாகவே இருக்கும். அதையும் டாக்டர் வாயால் கேட்டுவிட்டு வாருங்கள்.

பெரியம்மா இறந்து இரண்டாம் வருஷம், தோணி கொழும்புக்குப் போயிருந்தது. சாப்பிட உட்கார்ந்திருந்த எங்கள் நடுவில் அம்மா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். “எனக்கும் மார்புல ஒரு கட்டி தட்டுப்படுது” என்றாள். எங்களோடு இருந்த, அம்மாவைப் பெற்ற பாட்டி பதறிப்போய், “தோணி வரட்டும்ளா” என்றாள். அம்மா கேட்கவில்லை. மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டாள். அதே நோய்தான், ஆனால் ஆரம்பம். எடுத்துவிட்டார்கள். என் பேரப்பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சும் வரைக்கும் அம்மா இருந்தாள்.

தோணி வந்ததும் அப்பாவிடம் சொல்ல நான் கரைக்கு ஓடினேன். அம்மா நன்றாக இருக்கிறாள் என்று கேட்டதும் அப்பா செருப்பைக்கூட மாட்டாமல் வீட்டுக்குப் பாய்ந்தார். பெரியப்பா மட்டும் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“உங்க அம்ம எப்பளா சொன்னா?”

“நீங்க கடல்ல இருக்கும்போதே சொல்லிட்டா பெரியப்பா.”

அவர் திரும்பித் தோணியைப் பார்த்தார். ஆட்கள் சிரித்துப் பேசிக்கொண்டு சரக்கை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

“எங்களுக்கு ஒண்ணும் ஆகலியே” என்றார். பிறகு அங்கேயே மணலில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். “அவளும் சொல்லியிருக்கலாம்லா.”