சித்திரையில் விழுந்த பனி

குளிர்காலக் கோட்டுகளையும் கம்பளிக் குல்லாய்களையும் துவைத்துக் காயவைத்து, பெட்டியில் அடைத்து, நிலவறைக்கு இறக்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சித்திரை பிறந்துவிட்டது. எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் ஆப்பிள் தோட்டம் முழுக்க வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்து நின்றது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கண் விழித்தபோது அறை வழக்கத்தைவிட வெளுப்பாக இருந்தது. குருவிச் சத்தம் இல்லை, சாலையில் கார் போகும் சத்தமும் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருக்கலாமா என்று நான் யோசிப்பதற்குள் அப்பா கதவைத் தட்டினார்.

“செல்வி, செத்த எந்திரிச்சு வா. வெளிய என்னமோ ஆகியிருக்கு. எனக்கு ஒண்ணும் வெளங்கல.”

சன்னல் திரையை விலக்கினால் தோட்டம், சுவர், கார், குப்பைத்தொட்டி எல்லாம் ஒரே வெள்ளை. பனி இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. தெற்கு ஜெர்மனியில், ஒரு பெரிய ஏரியை ஒட்டிய இந்தச் சிற்றூரில் நாங்கள் ஆறு வருடமாக இருக்கிறோம். என் கணவர் கணேசன் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், இங்கே ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் வேலை. மகள் கயல் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். எங்கள் ஊரான தேவதானத்தில் மலையடிவாரத்து மாந்தோப்பை என் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, இரண்டு மாதம் எங்களோடு தங்க வந்திருந்தார் அப்பா. அம்மாவுக்கு விமானம் என்றால் பயம். பனி பார்க்க வேண்டும் என்றுதான் அப்பா வந்தார். ஆனால் விசா கிடைத்து அவர் வந்து சேர்ந்தபோது இருந்ததெல்லாம் உருகி, புல் முளைத்திருந்தது. “சரி, குடுத்து வைக்கல” என்று ஒரு வார்த்தை சொன்னதோடு விட்டுவிட்டார்.

“இதாட்டி பனி?” என்றார் இப்போது, வேட்டியோடு சன்னலருகே நின்றுகொண்டு. “பனின்னா மார்கழியில வரப்புல காலு நனையுமே, அது. இது வேற என்னமோ.”

கயல் அதற்குள் இரவு உடையின் மேலேயே ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடியிருந்தாள். கணேசன் நிலவறைக்குப் போய்ப் பெட்டியை உடைக்காத குறையாகத் திறந்து கோட்டுகளை அள்ளி வந்தார். அப்பாவுக்கு ஒரு கோட்டு, வேட்டிக்கு உள்ளே ஒரு பேன்ட், தலையில் கயலின் பூப்போட்ட குல்லாய். வெளியே போனால் தெருவே வெளியே நின்றது. ஆறு வருடமாக “ஹலோ” என்ற ஒரு சொல்லில் மட்டும் பழகிய முகங்கள். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற டீச்சரம்மா, யாரோடும் சிரிக்காதவர், பனியை உருண்டையாக்கிக் கணேசன் முதுகில் எறிந்தார். பக்கத்து வீட்டு மோனிக்கா, ஆப்பிள் தோட்டத்துக்காரர் ஹெர் ப்ரூனரின் மனைவி, பரணிலிருந்து பழைய மரச் சறுக்குப் பலகையைக் கொண்டுவந்து கயலை உட்காரவைத்து இழுத்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரோடும் நாளில்தான் இப்படி ஒருத்தர்கூட வீட்டுக்குள் இல்லாமல் பார்த்திருக்கிறேன். கணேசன் தெரியாதவர்களோடெல்லாம் தோள்தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். குளிர்காலம் முழுக்க இதே பனியைத் திட்டியபடி மண்வாரியால் தள்ளிய மனிதர்கள்தான் இவர்கள். காலம் தப்பி இன்று பெய்ததற்கு ஏன் இத்தனை சந்தோஷம் என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் நானும் சிரித்தேன், எறிந்தேன், வாங்கினேன்.

திரும்பிப் பார்த்தபோது அப்பாவைக் காணவில்லை. காலடித்தடம் சுவரோரமாகப் போய், தாழ்வான இடத்தில் ஏறி, ஹெர் ப்ரூனரின் தோட்டத்துக்குள் இறங்கியிருந்தது. உள்ளே மூன்றாவது மரத்தடியில் அப்பா ஒரு நீளக் கம்பை வைத்துக்கொண்டு கிளை கிளையாகத் தட்டிப் பனியை உதிர்த்துக்கொண்டிருந்தார். பனியோடு சில பூக்களும் அவர் தலைமேல் விழுந்தன. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த ஊரில் அடுத்தவர் புல்தரையில் பந்து விழுந்தால்கூட மணி அடித்துக் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

“அப்பா, அது அவிய தோட்டம். கேக்காம உள்ள போகக்கூடாது. வெளிய வாங்க.”

அவர் நிறுத்தவில்லை. “பூவு சாகுதுட்டி. பாத்துக்கிட்டு நிக்கச் சொல்லுதியா?”

அப்போதுதான் நான் அந்தப் பூக்களைப் பார்த்தேன். அதுவரை வெள்ளையில் வெள்ளை கலந்திருந்ததால் கண்ணில் படவில்லை என்று சொல்லலாம். ஆனால் அது உண்மையில்லை. மாம்பூவைப் பார்த்து வளர்ந்தவள் நான். தை, மாசியில் தோப்பு பூக்கும்போது எங்கள் வீட்டில் யாரும் உரக்கப் பேசமாட்டார்கள். மேற்கே மலையில் மேகம் இறங்குகிறதா என்று அப்பா வேளைக்கு நாலு தடவை அண்ணாந்து பார்ப்பார். ராஜபாளையத்தில் நான் கல்லூரிக்குப் போன காலத்தில், மாலை பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் கேட்கும் முதல் கேள்வி “அங்க தூத்தல் இருந்துச்சா?” என்பதுதான். மூன்று வருடத்துக்கு முன் ஒரு மாசி மாதம், இங்கே நல்ல பனி. கயல் அதில் உருண்டு விளையாடுவதை வீடியோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். அப்பா ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினார். நாலு நாள் கழித்துத் தம்பி போனில் பேசும்போது சொன்னான்: அன்று காலையில் தேவதானத்தில் காற்றோடு இரண்டு மணி நேரம் மழை. பூ முழுக்கக் கொட்டிப்போனது. மிச்சமிருந்தது கருகியது. அப்பா தோப்பில் நின்றுகொண்டுதான் என் வீடியோவைப் பார்த்திருக்கிறார். அதைப் பற்றி அவரிடம் நான் ஒருநாளும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஹெர் ப்ரூனர் பனியில் கணுக்கால் புதைய வந்துகொண்டிருந்தார். “நைன், நைன்” என்று, வேண்டாம் என்பதாகக் கையை ஆட்டினார். எனக்கு முகமெல்லாம் சுட்டது. தோட்டம் போகிறதே என்ற வருத்தத்தை அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எனக்குத் தெரிந்த வாக்கியம் ஒன்றுதான். “எஸ் டூட் மிர் லைட்” என்றேன். ஜெர்மனியில் துக்கம் விசாரிப்பதற்கும் அதுதான், மன்னிப்புக் கேட்பதற்கும் அதுதான். அவர் அப்பாவின் காலடித்தடத்தைப் பார்த்துவிட்டு, “மாக்ட் நிக்ஸ்” என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். ஒரு வருட விளைச்சல் போவதை ஒரு மனிதர் எப்படிப் பரவாயில்லை என்கிறார் என்று ஒரு கணம் திகைத்துப்போனேன். பிறகுதான், அப்பா சுவர் ஏறிக் குதித்ததை அவர் பரவாயில்லை என்கிறார் என்று உறைத்தது.

அவர் அப்பாவின் கையிலிருந்த கம்பை மெல்ல வாங்கிக்கொண்டு, மரத்தைக் காட்டி, “டெர் ஷ்னே இஸ்ட் ஐனே டெக்கே” என்றார்.

“என்ன சொல்லுதாரு?”

“பனி ஒரு கூரைங்காரு.” வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அறையின் உட்கூரையை டெக்கே என்று நானே படிவத்தில் எழுதியிருக்கிறேன்.

“கூரையா? மரத்துக்கு எதுக்குக் கூரை?”

கயல் சுவர்மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். “அம்மா, டெக்கேன்னா போர்வையும்தான். பனி பூவுக்குப் போர்வைன்னு சொல்றார். தட்டிவிட்டா ராத்திரி பூவுக்குக் குளிரும்.”

அப்பா ஹெர் ப்ரூனரைப் பார்த்தார், பூவைப் பார்த்தார். “குளிரையே போத்திவிட்டா குளிராதாமா” என்றார், யாரிடமும் இல்லாமல். அவருக்கு நம்பிக்கை வரவில்லை என்பது தெரிந்தது. எனக்கும் வரவில்லை. ஹெர் ப்ரூனருக்கே வந்திருந்ததா என்றும் தெரியவில்லை. அவர் ஒருமுறை தோட்டத்தின் கடைசி வரிசைவரை பார்த்துவிட்டு, இனி நாளைதான் தெரியும் என்று சொல்லி, அப்பாவின் தோளில் கைபோட்டுத் தெருவுக்கு அழைத்துப் போய்விட்டார். மோனிக்கா இலவங்கப்பட்டை போட்டுக் கொதிக்கவைத்த ஆப்பிள் சாறு கொடுத்தார். கால் மணி நேரத்தில் அப்பா குனிந்து பனியைப் பிடித்து, கொழுக்கட்டைபோல் இறுக்கி, ஹெர் ப்ரூனரின் தொப்பியைக் குறிவைத்து அடித்தார். தொப்பி விழுந்தது. தெரு கைதட்டியது.

“நீ ஏன் இப்படி மூஞ்சிய வச்சிருக்க?” என்று கணேசன் கேட்டார். பூவுக்காக நான் வருத்தப்பட்டால் அதன் உடைமைக்காரர் சிரிக்கிறார். அவரோடு சேர்ந்து சிரித்தால் தோப்பில் நின்ற என் அப்பா நினைவுக்கு வருகிறார். அந்த அப்பாவோ எதிரே பூக்குல்லாயோடு அடுத்த உருண்டைக்குப் பனி அள்ளிக்கொண்டிருக்கிறார்.

மூச்சு வாங்க என் பக்கத்தில் வந்து நின்றவர், “வீடியோ எடுத்து அம்மைக்கு அனுப்பு” என்றார்.

போனைக் கையில் எடுத்தேன். அழுத்தவில்லை. “அப்பா, மாம்பூ கொட்டுன அன்னைக்கு ஒண்ணு அனுப்புனேனே. எனக்கு அப்பத் தெரியாதுப்பா.”

அவர் கையில் ஒட்டியிருந்த பனியைக் கோட்டில் துடைத்தார். “ஆமா. தோப்புலதான் நின்னேன். கீழ பூரா பூவு. போன்ல புள்ள உருண்டுக்கிட்டு இருந்தா. நாலு தடவ பாத்தேன்.”

“கோவம் வரலையா?”

“கோவம் எதுக்கு? சிரிப்புத்தான் வந்துச்சு. சிரிச்சுக்கிட்டே கீழ குனிஞ்சா அழுகையா வருது. என்ன தோணுச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கே தெரியல தாயி.” பிறகு சட்டென்று, “எடு, எடு, வெயிலு வருது” என்றார்.

எடுத்து அனுப்பினேன். அம்மா உடனே வீடியோவில் கூப்பிட்டாள். மின்விசிறிக்கடியில் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, “என்னட்டி இது, சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணி காயப்போட்ட மாதிரி இருக்கு” என்றாள்.

மத்தியானத்துக்குள் தெருவில் பாதிக்குமேல் உருகிவிட்டது. அன்றிரவு வானம் தெளிந்து உறைகுளிர் வந்தது. ஒரு வாரம் கழித்து ஹெர் ப்ரூனர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அப்பாவைக் கையசைத்துக் கூப்பிட்டார். நானும் மொழிக்காகக் கூடப் போனேன். மொழி தேவைப்படவில்லை. அவர் ஒரு பூவைப் பறித்துக் கட்டைவிரல் நகத்தால் பிளந்து காட்டினார். நடு கருத்திருந்தது. இன்னொன்று பச்சை. அடுத்தது கருப்பு, அதற்கடுத்தது பச்சை. போர்வை பாதி உண்மை, பாதி பொய். அப்பா தானும் ஒன்றைப் பறித்து அதேபோல் பிளந்தார். கருப்பு. “போச்சு” என்றார். ஹெர் ப்ரூனரும் அதையே ஜெர்மனில் சொன்னார். இருவர் முகத்திலும் இருந்தது வருத்தமா, பழகிப்போனதா, எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தம்பி போன் செய்தான். கீழ்ப்பக்கத்து மரங்களில் காய் முற்றிவிட்டது, மம்சாபுரத்திலிருந்து பறிக்கிற ஆட்களைச் சொல்லட்டுமா என்று கேட்டான். அப்பா இரண்டு ஆப்பிள் மரங்களுக்கிடையில் மெல்ல நடந்தபடி எந்த மரம் முதலில், எது பொறவு என்று சொல்லத் தொடங்கினார். பிளந்த பூ இன்னும் அவர் விரலிடுக்கில் இருந்தது.

“யாரோடு பேசுகிறார்?” என்று ஹெர் ப்ரூனர் கேட்டார்.

“மிட் ட்ஸு ஹௌஸே” என்றேன். வீட்டோடு.

அவர் திரும்பி எங்கள் வீட்டைப் பார்த்தார். சமையலறைச் சன்னலில் கணேசன் நின்றிருந்தார். ஹெர் ப்ரூனர் அவருக்குக் கையசைத்தார், கணேசன் சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கையசைத்தார். அந்த வீடு இல்லை என்று சொல்ல நான் கையைத் தூக்கினேன். எந்தப் பக்கம் நீட்டுவது என்று தெரியாமல், கை அப்படியே சுவருக்கு மேலே நின்றது.