எதிர்க்கடை ரீஃபண்ட்

1. கண்ணாடிக் கதவு

சுஜின் கடை திறந்த அன்று தக்கலையில் நல்ல மழை. அப்படியிருந்தும் கூட்டம் வந்தது. எதிர்ச்சாரியில் யார் யார் ஏறுகிறார்கள் என்று நான் என் நாற்காலியில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிற ரோட்டில் முப்பது வருடமாக வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன். பெயர் விஜயகுமாரி. என்னிடம் இருப்பது ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், சத்தம் போடுகிற ஒரு ஃபேன். கல்ஃபில் கணக்கு வேலை பார்த்துவிட்டு வந்த சுஜின் கண்ணாடிக் கதவும் ஏசியும் போட்டார். வருகிறவர்களுக்கு லைம் ஜூஸ் கொடுத்தார். போர்டில் பெரிய எழுத்தில் ‘ரீஃபண்ட் பெற்றுத் தரப்படும்’ என்று எழுதிவைத்தார்.

எனக்குப் பொறாமை. தொழில் தர்மம், நேர்மை என்று அதற்கு வேறு பெயர் வைக்க நினைத்தேன், ஒட்டவில்லை. வயிறு எரிந்தது என்பதுதான் சரி.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரீஃபண்ட் என்பது சர்க்கார் தருகிற பரிசு அல்ல. சம்பளத்தில் பிடித்த டி.டி.எஸ். நாம் கட்டவேண்டிய வரியைவிடக் கூடிப்போனால் அந்தக் கூடுதல் திரும்பி வரும், அவ்வளவுதான். அளவாகப் பிடித்திருந்தால் ரீஃபண்டே வராது. அப்படி வராமலிருப்பதுதான் நல்ல கணக்கு. இதை நான் சொல்லாத ஆளில்லை. எல்லாரும் தலையாட்டிக் கேட்டார்கள். கேட்டுவிட்டு ரோட்டைத் தாண்டி எதிரே போனார்கள்.

2. தசமபாகம்

போனவர்களில் யாருக்காகவும் நான் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவில்லை, ஜெஸி டீச்சரைத் தவிர. பள்ளியில் என் பக்கத்து பெஞ்சுக்காரி. வேலைக்குச் சேர்ந்த வருடத்திலிருந்து அவளுடைய ரிட்டர்னை நான்தான் போட்டுவந்தேன். அவளைப் பார்த்து அவளுடைய ஸ்டாஃப் ரூமே என்னிடம் வந்தது.

ஜெஸி சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைத் தவறாமல் சபைக்குக் கொடுப்பவள். கல்யாணத்துக்குக் கடன் வாங்கின வருடத்தில்கூட தசமபாகத்தை நிறுத்தவில்லை. சுஜின் வந்த வருடம் ஜூனில், பள்ளியில் கொடுத்த சம்பள-வரிச் சான்றான ஃபார்ம் 16-ஐயும் சபை ரசீதுகளையும் சேர்த்துக் கொண்டுவந்து வைத்தாள். அவளுக்கு வீட்டுக்கடன் இருப்பதால் பழைய வரிமுறைதான் லாபம். அந்த முறையில் நன்கொடைக்கும் வரிக்கழிவு உண்டு என்று ஸ்டாஃப் ரூமில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கழிவு உண்டுதான். ஆனால் சட்டத்தின் 80ஜி பிரிவில் அங்கீகாரம் வாங்கின நிறுவனத்துக்குக் கொடுத்திருக்கவேண்டும். வழிபாட்டுக்கென்றே நடக்கிற சபைக்கு அந்த அங்கீகாரம் இல்லை. கோயில் உண்டியலில் போடுவதற்கும் இதே கதைதான்.

நான் ரசீதுகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுக்கு ஒண்ணும் கிடைக்காது” என்று அவளிடமே தள்ளிவைத்தேன். அன்று எனக்கு வேலை அதிகம். அவள் ரசீதுகளை அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டுப் பைக்குள் வைத்தாள். மறுநாள் அவள் ஸ்கூட்டர் சுஜின் கடை வாசலில் நின்றது.

ஆகஸ்டில், அவள் பின்னாலேயே எதிரே போன ஸ்டாஃப் ரூமில் பலருக்கும் ரீஃபண்ட் வந்தது. ஜெஸிக்கும் வந்தது. அந்தப் பணத்தை அவள் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை, சபை அசனத்துக்கு அரிசி வாங்கிக் கொடுத்துவிட்டாள். ஊரே உட்கார்ந்து சாப்பிட்ட அசனம். நானும் போய் இலைமுன்னால் உட்கார்ந்தேன். ஒவ்வொரு வாய்க்கும் அது எதிர்க்கடை ரீஃபண்ட் என்கிற நினைப்பு வந்தது. சாம்பார் நன்றாக இருந்தது என்பது அதைவிட எரிச்சல்.

சுஜின் எப்படிச் செய்கிறார் என்பது எனக்குத் தெரியும். ரிட்டர்னோடு ரசீதை இணைக்கவேண்டியதில்லை; நன்கொடைக் கட்டத்தில் ஒரு தொகையைப் போட்டால் போதும். துறை கேட்கும்போது காட்டத்தான் ரசீது. ஆனால் கேட்கிற நாள் வரும். அது சீக்கிரம் வரவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதும் உண்டு.

3. வந்த செய்தி

மறுவருடம் அது வந்தது. வருமான வரித் துறையிலிருந்து ஜெஸியின் செல்லுக்குச் செய்தி: நன்கொடைக் கழிவைச் சரிபார்க்கவும், தவறாயின் ரிட்டர்னைத் திருத்தவும். பள்ளி விட்டதும் நேரே என்னிடம் வந்தாள். அவள் லாகினில் நுழைந்து முந்தின வருட ரிட்டர்னைத் திறந்தேன். வட மாவட்டத்தில் ஏதோ ஒரு அறக்கட்டளை, அதன் பான் நம்பர், அதற்கு ஜெஸி கொடுத்ததாக ஒரு பெருந்தொகை. ஜெஸி அந்த ஊரையே பார்த்ததில்லை.

“ஏட்டி விஜயா, நான் குடுத்தது நெசம்தானே? இதுல பொய்யாட்டு எழுதியிருக்கே. போதகர் கேட்டா எனக்க முகத்த எங்க கொண்டு வைப்பேன்?”

அவளுக்குப் பணம் பெரிதில்லை. பத்தில் ஒன்றை எண்ணிக் கொடுத்தவளைப் பொய்க்கணக்குக்காரி ஆக்கிவிட்டார்கள், அதுதான் அவளை உலுக்கியது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். என்ன சொல்ல, அப்படித்தான் இருந்தது. என்னை விட்டுப் போனால் இப்படித்தான் என்று ஒரு சந்தோஷம்.

முந்தின வருடத்துக்கு அப்டேட்டட் ரிட்டர்ன் போடவேண்டும்: வாங்கின ரீஃபண்டைத் திருப்பிக் கட்டவேண்டும், வட்டி உண்டு, அதற்குமேல் கூடுதல் வரியும் உண்டு. நடப்பு வருடத்துக்கும் சுஜின் அப்படியேதான் போட்டிருந்தார்; அதற்கு இன்னும் கெடு இருந்ததால் ரிவைஸ் செய்தால் போதும். இதையெல்லாம் விளக்கிவிட்டு, வெகுநாளாக வைத்திருந்த வார்த்தையைச் சொன்னேன்.

“நான் அப்பவே சொன்னேன் இல்லியா?”

ஜெஸி என்னை நேராகப் பார்த்தாள்.

“நீ என்ன சொன்ன? கிடைக்காதுன்னு தள்ளிவச்ச. ஏன் கிடைக்காதுன்னு சொன்னியா? அந்தப் பையன் ஒவ்வொரு ரசீதா எடுத்துப் பாத்தான். எந்தச் சபை, எத்தன வருசமா குடுக்கீங்கன்னு கேட்டான். என்னை ஒரு ஆளாட்டு இருக்க வச்சுப் பேசினான் கேட்டியா. இப்பவும் ஒண்ணு சொல்லட்டா? மெசேஜ் வந்ததும் அவனுக்குத்தான் போன் போட்டேன், உன்கிட்ட போகச் சொன்னதும் அவன்தான். திருத்த வேண்டிய கணக்குன்னா எதிர்ல உள்ள அக்காதான் சரியா போடுவாங்கன்னு சொல்லி விட்டான்.”

அவளாக என்னைத் தேடி வந்தாள் என்று நினைத்திருந்தேன். அதுவும் அவர் அனுப்பித்தான். அந்த ஒரு வினாடியில் எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போதும் சொல்லில் வைக்க முடியவில்லை. கணக்கைத் தப்பாகப் போட்டவர் அவர், சரியாகப் போட்டவள் நான், ஆனால் ஜெஸியின் மனதில் நல்லவர் அவர்.

இரண்டு ரிட்டர்னையும் போட்டுக் கொடுத்தேன். ஜெஸி பணத்தைக் கட்டினாள். ஃபீஸ் வேண்டாம் என்றேன், வைத்துவிட்டுப் போனாள்.

4. இந்த ஜூன்

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சட்டம் இடம் கொடுக்காத கழிவைப் போடாதீர்கள், ஒரு ரூபாய்க்கும் போடாதீர்கள். துறை வைத்திருக்கிற வருமான, வரிப்பிடித்தப் பட்டியல்களான ஏ.ஐ.எஸ்.-ஐயும் 26ஏ.எஸ்.-ஐயும் பார்க்காமல் ரிட்டர்னைத் தொடாதீர்கள். ஆனால் ஒருவர் கொண்டுவந்த ரசீதை ஒதுக்கும்முன் அதை முழுதும் படியுங்கள். யாருக்குக் கொடுத்தார், எதற்குக் கொடுத்தார் என்று கேளுங்கள். கேட்டபிறகு, ஏன் கழிவு கிடைக்காது என்று சொல்லுங்கள். முப்பது வருடம் சட்டம் படித்த எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது, கடன்காரன் மாதிரி எதிரே வந்து உட்கார்ந்த சுஜின். அதை நினைத்தால் இன்றும் கசக்கிறது.

இந்த ஜூனில் ஜெஸி ஃபார்ம் 16-ஓடு வந்தாள். யாரும் அனுப்பி வரவில்லை. நான் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. அவளுடைய சபை ரசீதுகளை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அசனம் எப்படி நடந்தது என்று கேட்டேன். கறி வைக்க ஆள் கிடைக்காமல் பட்ட பாட்டையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். வெளியே இரண்டு டீச்சர்கள் காத்திருந்தார்கள்.

தற்செயலாக எதிரே பார்த்தேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சுஜின் நின்று என் வாசலில் நிற்கிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தார். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருடம் அதை வைத்திருந்தவள் நான்.